பேசிக்கொண்டே ஏறிய மலை

வலது விலாவில் முதன்முதலாகக் குத்தியபோது பிள்ளையை இடுப்பிலிருந்து தோளுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். வாயுப்பிடிப்பு என்று நினைத்து, தவிட்டை வறுத்து ஒத்தடம் கொடுத்தேன். இரண்டொரு நாளில் குத்தல் அடங்கியது, ஆனால் மூச்சு குறைந்துபோனது. சாயங்காலமானால் காய்ச்சல் வந்தது.

பண்ணைப்புரத்திலிருந்து மாட்டுவண்டியில் போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் என் முதுகை விரலால் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வந்தார். ஓர் இடத்துக்குக் கீழே சத்தம் செத்துப்போனது. நிறைகுடத்தைத் தட்டுவதுபோல இருந்தது, எனக்கே கேட்டது. “ப்ளூரிசி” என்றார் (நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் அழற்சி வந்து நீர் கோத்துக்கொள்வது).

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு என்ன கேட்பது என்று தெரியவில்லை. “நான் செத்துப்போவேனாய்யா?” என்றேன்.

“எல்லாரும்தான் சாவோம். இப்ப நீ முதுகைக் குனி.”

முதுகில் ஊசியை இறக்கி நீரை வாங்கினார். வெளிறிய மஞ்சள் நீர். அவ்வளவு நீர் எனக்குள் இருந்தது என்பதைவிட, அது எனக்குத் தெரியாமல் இருந்தது என்பதுதான் என்னைப் பயமுறுத்தியது. அன்றிலிருந்து என் கை விலாவை விட்டு எடுபடவில்லை.

சளியைச் சோதித்ததில் க்ஷயம் (நுரையீரலை அரிக்கும் தொற்றுநோய்) தெரியவில்லை. ஆனாலும் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. காய்ச்சல் விடும்வரை படுக்கையில் இருக்க வேண்டும், பிள்ளையைத் தள்ளி வைக்க வேண்டும் என்றார்.

என் மாமியாரான அத்தைக்கு அந்தக் கடைசி வார்த்தை போதுமாக இருந்தது. எனக்குத் தட்டு தனி, செம்பு தனி, படுக்கை மாட்டுக்கொட்டத்து ஓரம் என்று ஆயிற்று. அது மலைமேல் ஏலக்காய் எடுக்கும் காலம். அத்தை, என் வீட்டுக்காரர், என் நாத்தனார் பேச்சியம்மாள் எல்லாரும் தோட்டத்து லயத்தில் (கூலிக்காரர்களுக்கான வரிசை வீடு) தங்கப் புறப்பட்டார்கள். பிள்ளையையும் தூக்கிக்கொண்டார்கள்.

“எம் பிள்ளைய எப்பத் தருவீக?” என்று கேட்டேன்.

“வேணுமின்னா மலையேறி வந்து தூக்கிட்டுப் போ,” என்றார் அத்தை. “மலைமெட்டு ஏறுற அளவுக்கு மூச்சு இருந்தா சீக்கு இல்லேன்னு நானே ஒத்துக்கிறேன். இல்லேன்னா பேச்சி வளத்துக்கிருவா. அவளுக்கும் ஒண்ணு ஆச்சு.”

பேச்சியம்மாளுக்குப் பிள்ளை கிடையாது. என் வீட்டுக்காரர் மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

என்னைப் பெற்ற ஆத்தா வந்து கஞ்சி ஊற்றினாள். பிள்ளை போன பிறகும் பால் நிற்கவில்லை. அடுப்புச் சாம்பலில் பீச்சி விட்டேன். வெளியே மார் கட்டி வலித்தது, உள்ளே மூச்சு இழுக்கும்போது வலித்தது. எந்த வலிக்கு அழுகிறேன் என்று ஆத்தா கேட்டால் சொல்லத் தெரியாது.

காய்ச்சல் விட்டு வெகுநாள் கழித்து டாக்டர் மறுபடி முதுகைத் தட்டிப் பார்த்தார்.

“நீர் வத்தின இடத்துல நுரையீரல் ஒட்டிக்கிட்டுச் சுருங்கிரும். மூச்சை இழுத்து விரிக்கணும். நட. முதல்ல சமதரையில, அப்புறம் மேட்டுல. பேச முடியுற அளவுக்கு நட. பேச்சு நின்னா நீயும் நில்லு.”

“காய்ச்சல் வந்தா?”

“நடக்கக் கூடாது.”

“நெஞ்சு படபடன்னு வந்தா?”

“உனக்கு உக்காந்திருந்தாலே படபடக்குது. நட.”

வாய்க்கால் கரையில் சில வாரம் நடந்தேன். பிறகு ஒச்சம்மாளின் வரிசையில் போய் நின்றேன்.

ஒச்சம்மாள் திங்கட்கிழமை தோறும் பெண்களைக் கூட்டிக்கொண்டு ஏலத்தோட்டத்துக்கு ஏறி, சனிக்கிழமை இறங்குகிறவள். யானை நடமாடும் பாதை, யாரும் தனியாகப் போக மாட்டார்கள். பாதிக்கு மேல் ஒரு பாறை வரும். அங்கே ஒவ்வொருத்தியும் தனித்தனியாகக் குலவை போட வேண்டும். மலைச்சாமிக்காக என்று சொல்வார்கள். ஒச்சம்மாள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். யாருக்குக் குலவை நடுவில் அறுகிறதோ அவள் மேலே வரக்கூடாது. எதிரே காய்ப் பொதியோடு இறங்கும் மாட்டுக்காரர்களோடு ஒச்சம்மாள் அவளை அனுப்பிவிடுவாள். கெஞ்சினாலும் கேட்க மாட்டாள். இருட்டுவதற்குள் தோட்டம் சேர வேண்டிய பாதையில் ஒருத்தி சாய்ந்தால் எல்லாரும் மாட்டிக்கொள்வார்கள்.

முதல் நாள் நான் வாயைத் திறக்கவில்லை. பேசினால் மூச்சு செலவாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன். பாறையில் சேர்த்து வைத்த மூச்சையெல்லாம் கொட்டிக் குலவை போட்டேன். அறுபடவில்லை. ஒச்சம்மாள் தலையாட்டினாள். அடுத்த ஏற்றத்திலேயே கண் இருட்டி, புல்லில் விழுந்தேன்.

“குலவ போட்டுட்டுப் பொணமா விழுந்தவள இன்னைக்குத்தான் பாக்கேன்,” என்று காமாட்சி என்கிறவள் சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள்.

முகத்தில் தண்ணீர் அடித்த ஒச்சம்மாள், “சாமிய ஏமாத்தலாம், என்னைய ஏமாத்தாத,” என்றாள்.

நான் விழுந்த இடத்திலிருந்து, காய் உலர்த்தும் ஸ்டோரின் புகை தெரிந்தது. அந்தப் புகைக்கு அடியில் என் பிள்ளை இருந்தது. என்னைப் பொதிமாட்டுக்காரர்களோடு கீழே அனுப்பிவிட்டார்கள்.

இனி என்னைச் சேர்க்க மாட்டாள் என்றுதான் நினைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் வந்து நின்றாள்.

“நாளைக்குச் சுனை வரைக்கும் வந்துட்டு மாட்டுக்காரகளோட எறங்கிரு. அடுத்த வாரம் பாறை வரைக்கும். ஆனா வாய மூடிக்கிட்டு வந்தீன்னா அங்கனயே திருப்பிருவேன். பேசிக்கிட்டே ஏறணும்.”

டாக்டர் சொன்னதையே அவளும் சொன்னாள். அவள் அவரைப் பார்த்ததுகூட இல்லை.

நான் என்ன பேசுவேன்? என் நோயைத்தான் பேசினேன். அதை அவர்கள் கேட்கவில்லை. என்னைப் பேச வைக்க அவர்களுக்கு வேறு வழி தெரிந்திருந்தது.

“ஏடி, ஒம் பிள்ள பேச்சியம்மாள அம்மேன்னு கூப்புடுதாமே,” என்றாள் காமாட்சி. தோட்டத்தில் மலையாளத்துக்காரர்கள் அதிகம், அவர்கள் பிள்ளைகளிடம் பழகிய சொல் அது.

“யாரு சொன்னா?”

“நாந்தான் பாத்தேன். கொழுகொழுன்னு இருக்கு. ஒம் பாலவிட அந்தக் கஞ்சி ஒத்துக்கிருச்சு.”

“எம் பிள்ளையக் கண்ணு வைக்காதடி. ஒம் புருசன் ராத்திரி ராத்திரி எங்க படுக்கான்னு ஊரே பேசுது, அத மொதல்ல போயிப் பாரு!”

வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது. காமாட்சியும் சிரித்தாள், கண் மட்டும் சிரிக்கவில்லை. முன்னால் போன ஒச்சம்மாள் திரும்பாமலே சொன்னாள்: “இந்தா, எங்கயும் அறுபடாமப் பேசிட்டா. நடங்க.”

படுக்கையில் கிடக்கிறவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் எனக்குக் கிடைத்தவை இரக்கமும் பயமும். என் ஆத்தா என் மூச்சைக் கேட்டாள், நானும் கேட்டேன், இரண்டு பேரும் சேர்ந்து இன்னும் கொஞ்சம் நோயாளி ஆனோம். மலையில் யாரும் என்மேல் இரக்கப்படவில்லை. ஏறி இறங்கிய நாளில் பசித்தது, விலாவைத் தொட்டுப் பார்க்காமல் தூங்கினேன். கீழே ஒருவர் வீட்டுத் தண்ணீரை ஒருவர் குடிக்காதவர்கள், சுனையில் ஒரே குழியில் அள்ளிக் குடித்தோம். அடிவாரம் வந்ததும் பழையபடி ஆகிவிடுவோம். மலைக்கு அவ்வளவுதான் சக்தி. ஆனாலும் அந்த வரிசை இல்லாமல் தனியாக நான் ஒரு மேடுகூட ஏறியிருக்க மாட்டேன்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. நான் தேறியதைக் கேட்டு, மேலத்தெருவில் ஒரு பெண்ணை அவள் வீட்டார் சாயங்காலக் காய்ச்சலோடு நடக்க வைத்தார்கள். அவளுக்கு இருந்தது க்ஷயம். மழைக்காலம் முடியுமுன் போய்விட்டாள். காய்ச்சல் இருக்கும்போது நடக்காதீர்கள். டாக்டர் நட என்று சொல்லும்வரை, யார் ஏசினாலும் படுத்தே இருங்கள்.

கடைசியில் ஒரு திங்கட்கிழமை, காமாட்சியோடு சண்டை போட்டுக்கொண்டே பாறைக்கு வந்தேன். குலவை போட்டேன். ஒச்சம்மாள் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மேலே நடந்தாள். பின்னாலேயே போனேன்.

லயத்து வாசலில் பேச்சியம்மாள் இடுப்பில் பிள்ளை இருந்தது. கையை நீட்டினேன். அது அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஏறிட்ட. இரு, இருமுறியான்னு பாப்போம்.” ஈர விறகு புகையும் அடுப்புக்குப் பக்கத்தில் என்னை உட்கார வைத்தார். இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன். கண்ணில் நீர் வடிந்தது, இருமல் வரவில்லை. என் வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு விறகை மட்டும் வெளியே இழுத்துப் போட்டார்.

“சொன்ன சொல்லு சொன்னதுதான்,” என்றார் அத்தை. “சனிக்கெழம தூக்கிட்டுப் போ.”

அந்த வாரம் முழுக்கக் காய் எடுத்தேன். பிள்ளை ஒரு தடவைகூட என்னிடம் வரவில்லை. சனிக்கிழமை காலை பேச்சியம்மாள் அதை என் முதுகில் வைத்துச் சேலைத்துணியால் அவளே கட்டினாள். “தூங்கவைக்க முதுகத் தட்டணும்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிள்ளை அம்மே, அம்மே என்று கத்தியது. பாறையைத் தாண்டியும் கத்தியது. அன்று வரிசையில் யாரும் என்னைக் கேலி பண்ணவில்லை, காமாட்சிகூட.

“அதுகிட்டப் பேசுடி,” என்றாள் ஒச்சம்மாள். பேசினேன். என் குரல் கேட்டதும் இன்னும் கூடுதலாகக் கத்தியது.

ஒவ்வொரு அழுகைக்கும் அதன் நெஞ்சு விரிந்து, என் வலது விலாவில், ஒட்டிக்கிடந்த அந்த இடத்தில் முட்டியது. நீளமான மூச்சு, எங்கும் தடங்கல் இல்லை. என்னை வேண்டாமென்று அழுகிற பிள்ளையின் மூச்சு நன்றாக இருக்கிறதே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்படி நிம்மதிப்பட்டதற்காக என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

மாட்டுக்கொட்டத்து ஓரம் எவ்வளவு காலம் கிடந்தேன் என்று யார் கேட்டாலும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. எல்லா நாளும் ஒரே நாளாகத்தான் கிடந்தது. இறக்கத்தில் பிள்ளையின் கனம் முதுகில் அழுந்தியபோதுதான் அது தெரிந்தது. என் கைக்குப் பழகிய கனம் இல்லை அது. நான் மூச்சைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்த காலமெல்லாம் பிள்ளையின் உடம்பில் ஏறி, என் முதுகில் உட்கார்ந்திருந்தது.