வெளிச்சத்துக்கு முந்தி வந்த நியூட்ரினோ

பத்திரிகையில் அறிவியல் பக்கம் எழுதுவது, யாரும் கேட்காததைச் சொல்லிவிட்டுப் பிறகு எல்லோரிடமும் கேள்வி வாங்குகிற வேலை. பட்டவர்களுக்கு விளங்கும். சண்டைக் காலத்தில் நான் கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு தமிழ்த் தினசரியில் இருந்தேன். எண்பத்தேழில் ஒரு நட்சத்திரம் வெடித்த செய்தி வந்தது.

அவசரச் செய்தி

ஜப்பானில் ஒரு சுரங்கத்துக்குள் வைத்திருந்த தண்ணீர்த் தாங்கியில், சில விநாடிகளுக்குள் நியூட்ரினோ என்ற துகள்கள் தட்டுப்பட்டன. வெடிப்பின் வெளிச்சம் அதற்குப் பிறகுதான் பூமிக்கு வந்தது. நட்சத்திரம் சாகிற கணத்தையே பிடித்துவிட்டார்களே என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. முன்பக்கத்தில் போடவேணும் என்று ஆசிரியரிடம் ஓடினேன்.

"எப்ப வெடிச்சது?"

"ஒரு லட்சத்து அறுபதாயிரம் வருசத்துக்கு முந்தி, சேர். தூரம் அவ்வளவு. இப்பதான் வந்து சேர்ந்தது."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இவ்வளவு காலம் பொறுத்தது, ஞாயிற்றுக்கிழமை அறிவியல் பக்கம் வரைக்கும் பொறுக்காதோ?"

கொள்ளுப்பிட்டியில் சோதனை

வெள்ளவத்தையில் இருந்து வேலைக்குப் போகும் வழியில் பொலிஸ்காரர்கள் பஸ்ஸை மறித்தார்கள். என் பையில், கட்டுரைக்காக நான் கீறிய படம்: நிலத்துக்குக் கீழே பெரிய தாங்கி, சுவர் முழுக்க மின்கண்கள். என்னை இறக்கினார்கள், பஸ் போய்விட்டது. அப்படி இறக்கப்பட்டவர்களில் சிலர் வீடு திரும்பவில்லை என்பது எனக்குத் தெரியும்.

இன்ஸ்பெக்டர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன்: நட்சத்திரத்துத் துகள் மலையையும் துளைத்து வரும்; எப்போதாவது ஒன்று தண்ணீரில் மோதினால் சின்னதாக ஒளி தெரியும்; அதைப் பார்க்கத்தான் இந்தக் கண்கள்.

"மனுசருக்குள்ளாலும் போகுமா?"

"ஓம் மாத்தயா. சூரியனில் இருந்து வாறவை இப்பவும் உங்களுக்குள்ளாலும் எனக்குள்ளாலும் கோடிக்கணக்கில் போகுது."

அவர் தன் உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு படத்தை என் பக்கம் தள்ளினார். "ஐடென்டிட்டி காட் காட்டாமலா?"

மெர்சி அக்கா

எங்கள் பிழைதிருத்துநர் மெர்சி அக்காவின் மகள் யாழ்ப்பாணத்தில் நிறைமாதம். டெலிபோன் இல்லை, கடிதம் இல்லை. அக்கா என் கட்டுரையை இரண்டு தரம் படித்தார்.

"தம்பி, இது வெளிச்சத்தை விட வேகமோ?"

"இல்லை அக்கா. வெளிச்சம் நட்சத்திரத்துக்குள்ள சிக்குப்பட்டு நிண்டுதான் வெளியில வரும். இது ஒண்டிலயும் முட்டாமல் நேரா வந்திடும்."

அவர் பேனாவை வைத்துவிட்டு யன்னல் பக்கம் பார்த்தார்.

சில கிழமை கழித்து அக்கா படியேறி ஓடிவந்தார். பெண் குழந்தை, இரண்டு பேரும் சுகமாம். வடக்கிலிருந்து வந்த லொறி டிரைவர் ஒருவர் வீடு தேடி வந்து சொல்லியிருக்கிறார். மூச்சு வாங்கியபடி என் மேசையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "என்ர நியூட்ரினோ வெங்காய லொறியில வந்தது, தம்பி!"

இவ்வளவுக்கும் அந்தக் கட்டுரை வந்த கிழமை பத்திரிகைக்கு வந்த வாசகர் கடிதம் ஒன்றே ஒன்றுதான், அதுவும் அதே பக்கத்து ராசிபலனில் கும்பத்துக்குச் சொன்னது பிழை என்று.