பத்து மணிக்கு வரக்கூடிய ஒரே அத்தை

என் அம்மாவின் கூடப்பிறந்தவர் பொன்னாத்தாள். அவருடைய நடு மகள்தான் குழந்தையம்மாள். எனக்குத் தங்கை முறை. பெருமாநல்லூரில் பிறந்தவளை வேலம்பாளையத்தில் லிங்கசாமிக்குக் கட்டிக் கொடுத்தார்கள். லிங்கசாமி கம்பெனி டெம்போ ஓட்டுகிறவர். மகள்கள் இருவரும் கல்யாணமாகிப் போன பிறகு இவர்கள் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தார்கள். ஒரே வரிசையில் வீடுகள், கதவுக்குப் பக்கத்தில் கதவு. அந்த வரிசையில் பகலில் பூட்டாத கதவு குழந்தையம்மாளுடையது மட்டும்தான்.

மற்ற வீடுகளில் புருசனும் பெண்டாட்டியும் காலையில் பனியன் கம்பெனிக்குள் நுழைந்தால் இருட்டிய பிறகுதான் வெளியே வருவார்கள். இவள் வீட்டிலேயே உட்கார்ந்து பிசிர் வெட்டுகிறவள். தைத்து முடித்த பனியனில் தொங்கும் நூலைச் சின்னக் கத்திரியால் நறுக்கி எடுக்கிற வேலை அது. காலையில் டெம்போ மூட்டையை இறக்கும், சாயங்காலம் ஏற்றிக்கொண்டு போகும்.

வீட்டில் இருந்ததே அவளுக்கு வினையாகப் போயிற்று. முதலில் வந்தவன் அடுத்த வீட்டுத் தங்கதுரை.

“அத்தை, பள்ளிக்கூடத்துல ஊட்ல இருந்து யாரையாச்சும் கூட்டியாரச் சொல்லீட்டாங்க. அம்மா லீவு கேட்டா சூப்பர்வைசர் கத்துவாராமா. நீங்க வந்து பெரியம்மான்னு சொல்லுங்க. சும்மா தலைய ஆட்டுனாப் போதும்.”

நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனாள். தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகு அந்த வரிசைப் பிள்ளைகளுக்கெல்லாம் அவள்தான் ஆள். ஒருவனுக்குச் சின்னம்மா, ஒருவனுக்கு அம்மாயி. யார் பிள்ளைக்கோ விழ வேண்டிய திட்டையெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்து இவள் வாங்கிக்கொண்டு வருவாள்.

வாங்கிக்கொண்டு வந்ததை அங்கேயே விட்டுவிடவும் மாட்டாள். பெற்றவர்கள் வந்ததும் போய் நிற்பாள். “ஏனுங்க, பெரிய பசங்க உங்க பையனைச் சிகரெட்டு வாங்கியாரச் சொல்லி மெரட்டறாங்களாமா. என்னன்னு கேளுங்க.” தங்கதுரையின் தாய் சுவரில் சாய்ந்தபடி, “காத்தால கேக்கறனுங்க்கா, இப்பக் காலு ரெண்டும் கழண்டு போச்சு” என்பாள். காலையில் யாருக்கு நேரம்? சோற்றைக் கட்டிக்கொண்டு ஓடுவார்கள். குழந்தையம்மாள் என்னிடம் வந்து பொரிந்து தள்ளுவாள். “பெத்தவங்களுக்குக் காது கேக்கற நேரமே இல்லீங்க்கா.”

இப்படி இருக்கும்போதுதான் அன்புசெல்வி விவகாரம் வந்தது. இரண்டாயிரத்து ஏழு, தைப் பொங்கல் கழிந்த சமயம்.

அன்புசெல்வி பத்தாவது படித்தாள். தகப்பன் ராமர் அயர்ன் செக்ஷனில், தாய் ஒச்சாயி செக்கிங்கில். உசிலம்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம். ராமர் மகளிடம் ஒரே ஒரு பேச்சுத்தான் சொல்லி வைத்திருந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு வம்பு வந்தால் மறுநாளே கம்பெனி. பரீட்சைக்கு இரண்டு மாதம்கூட இல்லாத நேரத்தில், வகுப்பு நடக்கும்போது அவள் பையில் செல்போன் அடித்துவிட்டது. பிடுங்கி வைத்துக்கொண்டு, “அம்மாவோட வா, இல்லாட்டி வகுப்புல உக்காராதே” என்று அனுப்பிவிட்டார்கள்.

நட்டநடு மதியத்தில் யூனிபார்மோடு வந்து நின்ற பெண்ணைக் கண்டதும் குழந்தையம்மாள் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு நடந்ததைக் கேட்டுக்கொண்டாள்.

“யாரு போனு கண்ணு?”

“எங்க வகுப்புக் கோமளாவோட அண்ணன் போனு. அவுக வீட்டுல பையத் தேடுவாகன்னு வாரத்துக்கு ஒருத்தி கொண்டு போகணும். இந்த வாரம் நான். யாருகிட்டயும் சொல்லிராதீக அத்தை.”

“மாட்டீன்னு சொல்றதுதான?”

“சொன்னா எம்பக்கத்துல உக்கார மாட்டாளுக. ஒம்பதாவது பூரா தனியாத்தேன் சாப்பிட்டேன். தெக்கத்திக்காரின்னு எம்பேச்ச எங்கிட்டயே பேசிக் காட்டிச் சிரிச்சாளுக. இப்பத்தேன் சேத்துக்கிட்டாளுக.”

“உங்கம்மாகிட்டச் சொல்லிப் போடலாம் கண்ணு.”

“ஐயோ, அப்பாவுக்குத் தெரிஞ்சா பரிச்ச கெடையாது, கம்பெனிதேன். நீங்களே அம்மான்னு வாங்க அத்தை.”

இவள் போயிருக்கக் கூடாது. போனாள்.

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இவளைப் பார்த்தார். “போன மாசம் தங்கதுரைக்குப் பெரியம்மான்னீங்க. அதுக்கு முந்தி இன்னொருத்தனுக்கு அம்மாயி. இப்ப இந்தப் பொண்ணுக்கு அம்மாங்களா? இன்னும் என்ன மொறை பாக்கி?” பக்கத்தில் நின்ற வகுப்பு டீச்சர் ரோஸ்மேரி வாயைப் பொத்திக்கொண்டார்.

வெட்கத்தில் குனிந்த குழந்தையம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. “பத்து மணிக்கு வரச்சொன்னா யாருங்க சாமி வருவாங்க? கம்பெனிக் கேட்டுல கெஞ்சி முடிக்கறதுக்குள்ள பொழுது போயிருமுங்க. ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் கூப்பிட்டுப் பாருங்க, லைன் ஊடே எந்திரிச்சு வரும்.”

“ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூடம் பூட்டியிருக்குமுங்கம்மா.”

“மத்த நாளெல்லாம் அவங்களப் பூட்டி வெச்சிருக்காங்களே!”

“அதுக்கு நான் என்னங்க பண்றது? நாளைக்கு நெச அம்மா வரோணும். இல்லீன்னா டி.சி.”

வேறு வழியில்லை. சாயங்காலம் டீ நேரத்துக்குக் கம்பெனிக்கு எதிரே பேக்கரியில் போய் நின்றாள். ஒச்சாயி வந்ததும் மெதுவாகச் சொல்ல வேண்டும், முதலில் பிள்ளையிடம் கேள், ராமரிடம் அப்புறம் சொல்லலாம் என்று சொல்ல வேண்டும் என்றெல்லாம் நினைத்திருந்தாள். ஒச்சாயி அதுவரைக்கும் கேட்கவே இல்லை.

“எம் மகளுக்கு நீ ஆத்தான்னு சொன்னியாக்கும்? நான் செத்தா போனேன்? இந்தக் கேட்டுக்குள்ளதேன கெடக்கேன்!”

“கோவிச்சுக்காதே ஒச்சாயி, அதச் சொல்லத்தான வந்தேன்.”

“எல்லாம் பண்ணி முடிச்சிட்டு வந்தியாக்கும்.” பெல் அடித்தது. டீயை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் ஷிப்மெண்ட் நெருக்கடியில் ஏச்சு வாங்கிக்கொண்டு ஒச்சாயி லீவு போட்டாள். ராமருக்கும் விஷயம் போய்விட்டது. குழந்தையம்மாளும் பின்னாலேயே பள்ளிக்கூடத்துக்குப் போனாள். தலைமையாசிரியர் போனை எடுத்து மேசை மேல் வைத்ததுதான் தாமதம், ஒச்சாயி மகளை அறைந்தாள். ரோஸ்மேரி டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டார். “அடிக்காதீங்கம்மா. யார் போனுன்னு மொதல்ல கேப்போம்.”

பெண் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். வாசல் பக்கம் கோமளாவும் அவள் கூட்டாளிகளும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழந்தையம்மாளால் பொறுக்க முடியவில்லை. “சாமி, இந்தப் புள்ள போனே இல்லீங்க. கோமளா அண்ணன் போனுங்க. கொண்டு போக மாட்டீன்னா ஒதுக்கி வெச்சிருவாங்களாமா.”

கோமளாவின் தகப்பனார் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் பெரிய ஆள். தலைமையாசிரியர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, “அப்படியாம்மா?” என்று பெண்ணைப் பார்த்துக் கேட்டார்.

அன்புசெல்வி வாசலைப் பார்த்தாள். “இல்ல சார். போனு என்னதுதேன். அத்தை பொய் சொல்றாக.”

“ஆத்தான்னு பொய் சொன்னவதேன, இதுவுஞ் சொல்லுவா” என்றாள் ஒச்சாயி. தலைமையாசிரியரும், “உங்களை எப்படிங்கம்மா நம்பறது?” என்றார். அதோடு பேச்சு முடிந்தது. இத்தனை நாள் அந்த அறையில் அவள் சொன்னதெல்லாம் பொய் முறை. மாட்டிக்கொள்ளும் வரை அதையெல்லாம் நம்பினார்கள். ஒரே ஒரு நெசத்தைச் சொன்னாள், அதற்கு ஆளில்லை.

அடுத்த திங்கள்கிழமை அன்புசெல்வி கையில் டிபன் பாக்ஸோடு தாய் பின்னால் கம்பெனிக்கு நடந்தாள். தைக்கிறவர் பக்கத்தில் நின்று துணியை எடுத்துக் கொடுத்துக் கைமடிக்கிற வேலை. இவள் கதவைத் தாண்டும்போது குனிந்துகொள்வாள். ஒச்சாயி இவளோடு பேச்சையே நிறுத்திவிட்டாள்.

“அந்தப் பொண்ணு மேல கோவமா?” என்று நான் கேட்டேன்.

“அது மேல என்னத்துக்குங்க்கா கோவம்? அந்த வயசுக்கு அதுக்குக் கூட்டாளிகதான் ஊரு, ஒலகம். ஊரை எதுத்துக்கிட்டு நெசத்தைச் சொல்லுன்னா, அதும்பின்னால நாலு பேரு நிக்கோணுமில்ல? தாயி அறையறா, வாத்தியாரு டி.சி.ங்கறாரு. என்னோட பேச்சு எடுபடல. எவனை நம்பி அது வாயத் தொறக்கும்?”

மாசி பிறந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து ரோஸ்மேரி டீச்சர் தானாகவே லைன் வீட்டுக்கு வந்தார். ராமர் வாசலில் கோழி நறுக்கிக்கொண்டிருந்தார். டீச்சர் இன்னாரென்று சொன்னதும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். அதுவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது கிடையாது. குழந்தையம்மாள் தன் கதவுக்குள்ளேயே உட்கார்ந்து பிசிர் வெட்டியபடி காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“ஹால் டிக்கெட் வரப்போகுதுண்ணே. பரீட்சை மட்டுமாவது எழுதட்டும்.”

“பேரு கெட்டுப் போச்சே டீச்சர்” என்றார் ராமர்.

டீச்சர் அவரிடம் வாதாடவில்லை. உள்ளே திரும்பி, “அன்பு, நான் போனைப் பத்திக் கேக்க வரல. அந்தப் புள்ளைங்க யாராச்சும் உன்னைப் பாக்க வந்தாங்களா?” என்று கேட்டார்.

“ஒருத்தியும் வரல டீச்சர்” என்று அழுகை வெடித்தது. அழுகைக்கு நடுவிலேயே சொன்னாள். “கோமளா அண்ணன் போனுதேன். அத்தை சொன்னது நெசந்தேன்.”

ஒச்சாயி அடுப்பை அணைத்தாள். வெளியே வந்து குழந்தையம்மாளின் கதவைப் பார்த்தபடி கொஞ்சம் நின்றாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. திரும்பி ராமரிடம், “பரிச்ச எழுதட்டும்” என்றாள்.

“எழுதிட்டுக் கம்பெனிக்கு வந்துரணும்” என்றார் ராமர். அதற்கு மேல் அவரை நகர்த்த முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு மணி நேரம். அதைத்தானே இவள் கேட்டாள்? அதைச் செய்ததற்கு ரோஸ்மேரி டீச்சருக்குப் பள்ளியில் பேச்சு விழுந்ததாம். “உங்களை யாருங்க ஊடு ஊடாப் போகச் சொன்னது?” கோமளாவை யாரும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதல் பரீட்சையன்று ஒச்சாயிக்கு லீவு கிடைக்கவில்லை. விடியக்காலையில் இவள் கதவைத் தட்டினாள். “கூட்டிட்டுப் போயி விட்டுட்டு வர்றியாக்கா?” அவ்வளவுதான்.

பள்ளிக்கூட கேட்டில் வாட்ச்மேன் மறித்தார். “நீங்க பொண்ணுக்கு என்ன வேணுமுங்க?”

பழக்கத்தில் வாய் எதையோ சொல்ல வந்தது. அடக்கிக்கொண்டாள். “பக்கத்து ஊடுங்க. அவங்கம்மா கம்பெனிக்குப் போயிருக்குது.”

அன்புசெல்வி உள்ளே போனாள். மரத்தடியில் நின்ற கோமளா கூட்டம் அவளைக் கண்டதும் திரும்பி நின்றுகொண்டது. அவள் அவர்களைத் தாண்டித் தனியாகவே நடந்து போனாள்.

கேட்டுப் பக்கத்துக் கரும்பலகையில் புதிதாக ஏதோ எழுதியிருந்தது. குழந்தையம்மாளுக்கு எழுத்து தெரியாது. “என்னங்க போட்டிருக்குது?” என்று வாட்ச்மேனிடம் கேட்டாள்.

“ஒம்பதாவது புள்ளைகளுக்குப் பெற்றோர் கூட்டமுங்க. புதன்கிழமை காத்தால பத்து மணிக்கு.”

அவள் அந்தப் பலகையைக் கை காட்டினாள். “அதை அழிச்சுப் போட்டு ஞாயித்துக்கிழமைன்னு எழுதச் சொல்லுங்க சாமி” என்றாள். வாட்ச்மேன் சிரித்துக்கொண்டே கேட்டைச் சாத்தினார். டெம்போ மூட்டையை இறக்கும் நேரமாகியிருந்தது. அவள் வேகமாக நடந்தாள்.