ஒப்புக்கு அழைத்த அரங்கசாமி

கருமத்தம்பட்டியில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்த அரங்கசாமிக்கு எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது, கண்டவரையெல்லாம் கூப்பிடுவதைத் தவிர. சாப்பாட்டு வேளையில் வாசலைத் தாண்டி யார் போனாலும், "ஏனுங்க, ஒரு வாய் சாப்ட்டுப் போலாமுங்க" என்பார். "இருக்கட்டுங்க, இப்பத்தான் ஆச்சுங்க" என்று சொல்லிவிட்டு அவர்கள் நகர வேண்டும். கூப்பிடுவதும் மறுப்பதும் சேர்ந்ததுதான் அந்தப் பக்கத்து மரியாதை. தன் பங்கை அரங்கசாமி ஒழுங்காகச் செய்தார். மற்றவர்களும் செய்வார்கள் என்று நம்பியதுதான் கோளாறு.

தொண்ணூறுகளின் நடுவில், கோவைக்கு வடக்கே மலையடிவாரத்தில் பெரிய தண்ணீர்ப் பூங்கா திறந்திருக்கிறார்கள் என்று மகள் அக்ஷயா பள்ளிக்கூடத்திலிருந்து செய்தி கொண்டுவந்தாள். மகளுக்காகத்தான் போகிறோம் என்று ஊருக்குச் சொன்னாரே தவிர, ஆசை முழுக்க அவருடையது. விளம்பரத்தில் ஒரு ஆள் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு உயரத்திலிருந்து தண்ணீரோடு சறுக்கி வந்துகொண்டிருந்தான். மீசை முளைக்கும் முன்பே தறியடியில் நின்ற அரங்கசாமி வாழ்நாளில் எதிலும் சறுக்கியதில்லை. ஒரே ஒரு தடவை அப்படி வந்துவிட வேண்டும் என்று அவருக்கு ஏக்கமாக இருந்தது. வேட்டியோடு தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள் என்று கேள்விப்பட்டு, பூப்போட்ட அரை டவுசர் ஒன்று வாங்கி வேட்டிகளுக்கு அடியில் ஒளித்து வைத்தார். மனைவி ராசாத்தாள் அதைத் துவைத்து மடித்து அதே இடத்தில் திருப்பி வைத்தாள்.

அவள் கேட்டது ஒன்றுதான். "நாம மூணு பேரு மட்டும் போறமுங்க. ஆரையும் கூப்புடாதீங்க. நீங்க ஒப்புக்குச் சொல்லுவீங்க, அவங்க நெசமாவே வந்துபோடுவாங்க."

"நானென்ன கூறு கெட்டவனா அம்மணி?"

மறுநாளே பேக்கரியில் பங்காளி வெள்ளியங்கிரியிடம் விஷயத்தை உளறினார். சொன்ன பிறகு கூப்பிடாமல் இருந்தால் நன்றாகவா இருக்கும்? "நீங்களும் வாங்க" என்றார். வெள்ளியங்கிரி டீ டம்ளரைக்கூடக் கீழே வைக்கவில்லை. "வாரமுங்க, குடும்பத்தோட" என்றார்.

பங்காளியைக் கூப்பிட்டுவிட்டு மாமனார் வீட்டை விட்டால் பேச்சு வரும். சத்தியமங்கலத்துக்குப் போன் போட்டார். அவர்களும் மறுக்கவில்லை. மாமியாரின் தங்கை, முழங்கால் வலியால் வாசல் படி இறங்காதவர், "தண்ணியத் தூர நின்னு பாத்துக்கறேன் கண்ணு" என்று கிளம்பினார். கார் பேசி வைத்திருந்தது மெட்டடோர் வேனாக மாறியது. ராசாத்தாள் அண்டா நிறையப் புளிச்சோறு கிளறினாள், ஒரு வார்த்தை பேசவில்லை. அதை அரங்கசாமி சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். கலியாணமான ஆண்கள் வழக்கமாகச் செய்கிற தப்புதான்.

கிளம்புகிற காலையில் வேன் பிதுங்கியது. டிரைவர் பக்கத்து இடம் ஒன்றுதான் பாக்கி. அதில் தன் துண்டைப் போட்டு வைத்துவிட்டு, வேட்டிக்குள் டவுசரோடு அரங்கசாமி ஏறப் போனார். அந்த நேரம் பார்த்து வெள்ளியங்கிரியின் சம்பந்தி, வெளியூரிலிருந்து வந்தவர், பையும் கையுமாக வந்து நின்றார்.

அரங்கசாமியின் வாய் தானாகத் திறந்தது. "நீங்க உக்காருங்க. எனக்குத் தறியில சோலி கெடக்குதுங்க."

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். "அதெப்படீங்க, நீங்க இல்லாமயா?" என்று வேனே எழுந்து நிற்க வேண்டிய இடம் அது. சம்பந்தியும் முறைப்படி தயங்கினார்.

ஜன்னலிலிருந்து ராசாத்தாள் எட்டிப் பார்த்தாள். "இவுரு ஒப்புக்குச் சொல்ற ஆளில்லீங்க. ஏறிக்குங்க."

ஏறிக்கொண்டார். அக்ஷயா கையாட்டினாள். வேன் அவினாசி ரோட்டில் திரும்பி மறைந்தது. இந்த வயதில் ஒரு சறுக்குக்காக அழுதான் என்று பேர் வந்துவிடுமே என்று அரங்கசாமி கண்ணீரை அடக்கிக்கொண்டார்.

பக்கத்து வீட்டு அங்கப்பன் அவ்வழியே வந்தார். "ஏனுங்க, நீங்க போகலீங்களா?"

"தறிய உட்டுப்போட்டு எங்கீங்க போறது" என்ற அரங்கசாமி, பழக்கம் விடாமல், "வாங்க, ஒரு வாய் சாப்ட்டுப் போலாமுங்க" என்றார்.

அங்கப்பன் செருப்பைக் கழற்றினார்.

புளிச்சோற்று அண்டா வேனில் போய்க்கொண்டிருந்தது. அரங்கசாமி அடுப்பைப் பற்றவைக்க வேட்டியை மடித்துக் கட்டினார். பூப்போட்ட டவுசர் பளிச்சென்று வெளியே தெரிந்தது. அங்கப்பன் பார்த்தார். மரியாதைக்காக ஒன்றும் கேட்கவில்லை.