ஸிஹாமாவின் கடையில் கிடைக்காத குளிசை

பதுளையில் அந்தக் குளிசை கிடையவே கிடையாதாம். அந்த மாத்திரை வேண்டுமென்றால் பண்டாரவளைக்குத்தான் பஸ் ஏற வேண்டுமாம். பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் யாரோ சொன்னதாகத் தையல்கடை றிப்தா வந்து சொன்னபோது, ஸிஹாமா தன் மருந்துக்கடை மேசையின் லாச்சியை இழுத்துத் திறந்து காட்டினாள்.

"அப்ப இது என்ன புள்ள? இஞ்சி டொபியா?"

பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக, கலையாமல் கிடந்தன. கருத்தடை தவறிப்போனால் மூன்று நாளுக்குள் குடிக்கிற குளிசை. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கருவைக் கலைப்பதல்ல, தரிக்காமல் பார்ப்பது. டொக்டர் எழுதித் தரும் துண்டுகூடத் தேவையில்லை. ஆனாலும் ஸிஹாமாவின் பாமசியில் அதைக் கேட்டு வாங்கியவர்களை ஒரு கை விரலில் அடக்கிவிடலாம்.

காரணம் ஊருக்கெல்லாம் தெரியும், அவளைத் தவிர.

பதுளை பஜாரில் நிறுக்காமல் சாமான் கொடுத்தாலும் கொடுப்பார்கள், எந்த ஊர் என்று கேட்காமல் கொடுக்க மாட்டார்கள். அதிலும் ஸிஹாமா, இப்றாஹீம் ஹாஜியாரின் மகள். வந்தவரை யார் எவர் என்று விசாரிக்காவிட்டால் அது மரியாதை இல்லை என்று வளர்ந்தவள். ஆள் குள்ளம். மேசைக்குப் பின்னால் ஒரு பலகைமேல் ஏறி நின்றுகொண்டு, "எந்தத் தோட்டம்? யாருட மகள்?" என்று தொடங்கினால் மருந்து கைக்கு வருமுன் பாட்டன் பெயர்வரை வந்துவிடும். இந்த விசாரணையில் இரண்டு கலியாணம் பொருந்தியிருக்கிறது. காணாமல் போன ஓர் ஆடு கிடைத்திருக்கிறது. நெஞ்செரிச்சலுக்கு வருகிறவர்களுக்கு அவள் என்றால் உயிர். அந்தக் குளிசைக்கு வருகிறவர்கள் மட்டும் இருமல் மருந்தை வாங்கிக்கொண்டு பண்டாரவளைக்குப் போனார்கள்.

ஊவா மாகாணத்துப் பாமசிக்காரர்களும் மருத்துவிச்சிகளும் கூடிப் பேசியபோதுதான் இது அவள் காதுக்கு வந்தது. கூட்டம் இரண்டு ஊருக்கும் நடுவில், ஹாலிஎலவில். பதுளைக்காரர்களுக்குப் பண்டாரவளைவரை ஏற மனமில்லை, பண்டாரவளைக்காரர்களுக்குப் பதுளைவரை இறங்க மனமில்லை. ஒரு கடையில் தீர்ந்தால் மற்றக் கடை கொடுத்தனுப்புவது, தேயிலைத் தோட்டத்திலிருந்து மருத்துவிச்சி அனுப்பும் ஆளை நிற்கவைக்காமல் கொடுப்பது, மருந்துக்கு வேண்டிய கேள்வியைத் தவிர வேறு கேள்வி கேட்பதில்லை என்று முடிவானது. பண்டாரவளையில் கடை வைத்திருக்கும் பாலசுப்பிரமணியம் கட்லட்டைக் கடித்தபடி கேட்டார்.

"தங்கச்சி, ஒங்க கடையில குளிசை வாங்க நாலு தலமொற சொல்லணுமாமே? பதுளச் சனம் பூரா என் கடையில நிக்குது. எனக்கு ஸ்டொக் பத்தல."

எல்லோரும் சிரித்தார்கள். ஸிஹாமாவும் சிரித்தாள். இனிக் கேட்பதில்லை என்று எல்லோரிலும் சத்தமாகச் சொன்னவளும் அவள்தான்.

அதற்குப் பின் ஒரு மழை நாளில் மடுல்சீமை மருத்துவிச்சி, தோட்டத்துச் சனம் 'மிஸ்' என்று கூப்பிடும் தனலெட்சுமி, போன் எடுத்தாள்.

"அக்கா, ஒரு புள்ளைய அனுப்பியிருக்கேங்க. பச்சை சுவெட்டரு. கருத்தடை ஊசி போடுற நாள்ல ரோட்டுல மண்ணு சரிஞ்சு கிளினிக்குக்கு வர முடியல. மொத பேறுல ஒப்பரேசன் பண்ணி, பொழைச்சதே பெரிய காரியம். ரெண்டு வருசத்துக்கு அடுத்த புள்ள வேணாம்னு டொக்டர் சொல்லிட்டாரு. இன்னைக்கு மூணாவது நாளு. கேக்க வேண்டியதெல்லாம் நான் கேட்டுட்டேன். நீங்க குடுத்தா மட்டும் போதும்."

"நான் வாயே தொறக்க மாட்டேன்."

"அந்த வாய நெனச்சாத்தாங்க எனக்குப் பயம்."

ஸிஹாமா குளிசையை உறையில் போட்டு, குடிக்கும் விதத்தை மேலே எழுதி மடித்து வைத்தாள். பலகைமேல் ஏறி நின்று, உதட்டை இறுக்கிக்கொண்டு, வாசலில் பச்சை நிறத்தைத் தேடினாள். வந்தது கறுப்பு ரெயின்கோட். சின்னப் பெண், முகமெல்லாம் மழைத்தண்ணீர்.

"வாங்க மகள். நனஞ்சிட்டீங்களே! எந்தத் தோட்டம்? யாருட மகள் நீங்க?"

"மடுல்..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். "தலவலிக்கு ஒரு பாம் குடுங்க."

கொடுத்தாயிற்று. அவள் படி இறங்கும்போது காற்றில் ரெயின்கோட் விலகியது. உள்ளே பச்சை.

"யா அல்லாஹ்!"

பக்கத்துத் துணிக்கடையிலிருந்து கணவன் புவாத் எட்டிப் பார்த்தான். "என்ன, கேட்டுட்டீங்களா?"

"கேட்டுட்டேன்."

"யாருட மகளாம்?"

"பகிடிக்கு நேரமில்ல. கடையப் பாருங்க!"

உறையை எடுத்துக்கொண்டு அபாயாவைத் தூக்கிப் பிடித்தபடி ஓடினாள். அதுவரை அவள் நடப்பதைக்கூடப் பஜார் பார்த்ததில்லை. பலகையிலிருந்து இறங்கிய ஸிஹாமா இவ்வளவு உயரம்தானா என்று சிலர் அன்றுதான் கண்டார்கள்.

மடுல்சீமை பஸ் உறுமிக்கொண்டு நின்றது. நடுவில் ஜன்னலோரமாகப் பச்சை சுவெட்டர். கொண்டக்டர் வழி மறித்தான்.

"என்ன பார்சலு? யாருக்குங்க? ஒடம்புக்கு என்ன வருத்தம்? அட, நீங்க ஹாஜியார் மகள்தானே!"

முன் சீட்டுகள் எல்லாம் காதைத் தீட்டிக்கொண்டன. இப்படித்தான் இருக்குமா, என் கடையில் நிற்பது? ஸிஹாமாவுக்குக் காதுவரை சுட்டது. இந்த இடத்தில் உறையை நீட்டினால், பஸ் மலை ஏறுமுன் கதை ஏறிவிடும். நீட்டாமல் இறங்கினாலோ, நாளை அந்தக் குளிசையால் பயன் இருக்காது.

அவள் கொண்டக்டரைத் தாண்டி உள்ளே போய், பஸ்ஸுக்கே கேட்கும்படி சத்தம் போட்டாள்.

"மகள், நான் ஒங்களுக்குப் பிழையான சாமானத் தந்துட்டேன்! பிழை என்னோடதான். அந்த பாமத் தாங்க, இதப் புடிங்க. மிஸ் சொல்லித் தந்த மாதிரியே எடுத்துக்கங்க, போன ஒடனே."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்க்கவில்லை. பாமை நீட்டினாள், உறையை வாங்கினாள், பிரித்தும் பார்க்காமல் பையின் அடியில் திணித்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இறங்கும்போது கொண்டக்டர் விடவில்லை. "யாருங்க அது? யாரு மகள்?"

"தெரியாது" என்றாள் ஸிஹாமா. வாழ்நாளில் முதல் தடவையாக அந்தச் சொல்லைச் சொன்னாள். உண்மையில் தெரியவும் தெரியாது. அதில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பெருமை கடைவரை தாங்கவில்லை. அந்தப் பெண் புரிந்துகொண்டாளா? இதுவும் ஏதோ பாம் என்று பையிலேயே விட்டுவிட்டால்? கோபத்தில் ஜன்னலால் எறிந்திருந்தால்? பலகைமேல் ஏறி நின்று தனலெட்சுமிக்குப் போன் எடுத்தாள். பஸ் போய்ச் சேரும்போது மிஸ் வழியில் நின்று விளக்கினால் போதும். மணி போனது. தனலெட்சுமி எடுக்கவில்லை. தோட்டத்து வரிசை வீடுகளில் லயம் லயமாக ஏறி இறங்குகிறவள், போனைப் பையில் போட்டிருப்பாள். ஸிஹாமா மறுபடி போன் எடுத்தாள்.

"மழையில சிக்னல் இருக்காது. தேத்தண்ணியக் குடிங்க" என்றான் புவாத்.

"மணி போகுதுதானே!"

வாசலில் இன்னொரு பெண் குடையை மடக்கிக்கொண்டு நின்றாள். ஸிஹாமாவின் வாய் பழக்கதோஷத்தில் "எந்த" என்றது. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"என்ன வேணும், மகள்?"

காதோடு ஒட்டியிருந்த போனில் மணி போய்க்கொண்டே இருந்தது.