கில்பட்டின் படலையில் ஐந்து முகங்கள்

என் மச்சான் கில்பட்டுக்கு ஒருவரையும் அளவோடு நேசிக்கத் தெரியாது. பிடித்துப்போனால் சோறு போட வேண்டும். சோறு போட்டால் தலவில கோயில் அன்னம்மாளிடம் நேர்த்தி வைக்க வேண்டும். என் தங்கை சுஜாந்தி அவனைக் கட்டிய நாளிலிருந்து இந்தக் கூத்தைப் பார்த்து வருகிறேன். ஆனால் ஐந்து வெள்ளைக்காரருக்குச் செத்தவீடு செய்வான் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

பட்டத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் சறுக்க வரும் வெளிநாட்டுக்காரரைப் படகில் கடலோரக் களப்புக்கு ஏற்றி இறக்குவது அவன் தொழில். ஒரு மார்கழியில் ஹங்கேரியிலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். பிடில் வாசித்துப் பாடும் ஈல்திகோ, கித்தார்க்காரன் பாலின்ட், இன்னும் மூன்று பேர். தங்கள் நாட்டுக் கிராமத்துப் பாட்டுகளை ரொக் மாதிரி மாற்றிப் பாடும் புதுக் கூட்டம். சொந்த ஊரிலேயே அவர்களை யாருக்கும் தெரியாது. ஹோட்டலுக்குக் கொடுக்கக் காசும் இல்லை. கில்பட் தன் மீன்வாடியில் பாய் விரித்துக் கொடுத்தான். சுஜாந்தி பாணும் பருப்பும் மீன்பொரியலும் கொடுத்தாள். கூட்டத்தின் பெயர் பிரோஷ் கபு. சிவப்புப் படலை என்று அர்த்தமாம். அதைக் கேட்டு, கில்பட் தன் வீட்டு வாசல் படலைக்குச் சிவப்புப் பெயின்ற் அடித்துவிட்டான்.

பிறகு அவர்கள் ஏறிய படியெல்லாம் இவன் போனில்தான் ஏறினார்கள். முதலில் சாராயக்கடை மாதிரி ஒரு இடத்தில் பாடினார்கள். அடுத்து மண்டபங்கள், ரேடியோ, கடைசியில் கண்ணுக்கெட்டிய தூரம் சனம் நிற்கும் பெரிய வெளி. தனக்கு ஒரு சொல்லும் விளங்காவிட்டாலும், மீன் ஏலத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் அதைக் காட்டுவான். ஒரு வருடம் அவர்களுக்கு விருது கிடைக்க வேண்டுமென்று நேர்த்தி வைத்தான். கிடைத்தது. தலவில திருவிழாவுக்கு வந்த சனத்துக்கு அண்டா அண்டாவாகச் சோறு போட்டான். "என்ன விருது?" என்று கேட்டேன். "பாட்டுக்குத்தான், பின்ன நீச்சலுக்கா?" என்றான்.

பெயர் வந்த பிறகும் அவர்கள் வந்தார்கள். ஆனால் வாடிக்கு அல்ல, ஹோட்டலுக்கு. ஐந்து பேருக்கு ஐந்து அறை. முன்பு ஒட்டியே திரிந்த ஈல்திகோவும் பாலின்டும் ஒரே படகில் ஏறவில்லை. எனக்கு அது உறைத்தது. கில்பட், "புள்ளைங்க களைச்சுப் போயிருக்கு" என்றான்.

போன தை மாதம் ஒரு காலையில் சுஜாந்தி என் வீட்டுக்கு ஓடிவந்தாள். நான் போனபோது கில்பட் முற்றத்து மணலில் குந்தியிருந்து நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தான். போனில் ஐந்து பேரின் படம். கறுப்பு வெள்ளை. கீழே 2011 – 2024. அதற்கும் கீழே ஆயிரம் பேர் போட்ட அழுகை முகமும் மெழுகுதிரியும். எங்கள் கரையில் அப்படியொரு படத்துக்கு ஒரே அர்த்தம்தான்.

"அவங்கட வேன் பழசு மச்சான். நான் சொன்னேன், மாத்தச் சொல்லி" என்றான். ஈல்திகோவுக்குப் போன் எடுத்திருக்கிறான். போன் நிறுத்தியிருந்தது. மற்றவர்களின் இலக்கம் அவனிடம் இல்லை. எழுதியிருப்பதைப் போனிலேயே தமிழாக்கிப் பார்க்கலாமே என்று மெல்லச் சொன்னேன்.

"செத்தவீட்டில வந்து மொழிபெயர்ப்புக் கேக்கிறியா?" என்று எரிந்து விழுந்தான்.

பனர் அடிக்கக் கற்பிட்டியில் ஜௌபரின் கடைக்குப் போனோம். ஜௌபர் படத்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "கில்பட், தோற்றம் ரெண்டாயிரத்துப் பதினொண்டு எண்டா பதிமூணு வயசு. இவருக்குத் தாடி ஈக்கிதே."

"அது அவங்க பாட்டுக்காரரா பொறந்த வருசம். அடிங்க" என்றான் கில்பட். நாங்கள் மூன்று பேரும் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

சிவப்புப் படலைக்கு மேலே ஐந்து முகமும் ஏறின. ஒழுங்கை முழுக்க வெள்ளைக்கொடி. ஞாயிறு பூசை ஒப்புக்கொடுத்து, சனத்துக்குச் சாப்பாடும் வைத்தான். நான் பந்தலில் சோறு பரிமாறிக்கொண்டிருந்தேன். ஒழுங்கையில் ஒரு ஓட்டோ வந்து நின்றது. பிடில் பெட்டியோடு ஈல்திகோ இறங்கினாள்.

சுஜாந்தியின் கையிலிருந்த கறிச்சட்டி விழுந்தது. ஒரு கிழவர் சிலுவை போட்டார். கில்பட் எழும்பவே முடியாமல் கதிரையில் கிடந்தான்.

அவள் எங்களைப் பார்க்கவில்லை. பனரைப் பார்த்தாள். கில்பட்டின் தகப்பன் இன்னாசிப்பிள்ளை செத்தபோது எங்களோடு நின்று வெள்ளைக்கொடி கட்டியவள் அவள். இங்கே அது என்னவென்று அவளுக்குத் தெரியும். தன் முகமும் அதில் இருப்பது அவள் கண்ணில் படவேயில்லை. "பாலின்ட்" என்றாள். முகம் சுண்ணாம்பாகிவிட்டது. கில்பட்டின் சட்டைப்பையிலிருந்து போனைப் பறித்து, ஒரு இலக்கத்தை மனப்பாடமாக அடித்தாள். அந்தப் பக்கம் ஒரு ஆண்குரல் கேட்டது. அவள் மணலில் குந்தி, அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டு அழுதாள். கடைசியில் தங்கள் மொழியில் இரண்டு சொல் சொல்லிவிட்டு வைத்தாள்.

"உயிரோட இருக்கிறான்" என்றாள், தெரிந்த தமிழில்.

"மத்தவங்க?" என்றான் கில்பட்.

"எல்லாரும் இருக்கு. யாரும் சாகல்ல, அண்ணே." பனரில் இருந்த வருடங்களைத் தொட்டுக் காட்டினாள். "இது பேண்ட். பெரிய சண்டை. முடிஞ்சுது. இனிப் பாட மாட்டோம். நான் போனை மூடிட்டு இங்க வந்தேன். வேற எங்க போக?"

கில்பட் சந்தோசப்படுவான் என்று நினைத்தேன். செய்தி வந்த காலையில்கூட அவன் முகத்தில் நான் அப்படியொரு அதிர்ச்சியைக் காணவில்லை.

"அஞ்சு பேரும் உயிரோட இருந்துகொண்டா முடிச்சீங்க?"

பந்தலில் யாரோ சிரித்தார்கள். ஊர் வாய்க்கு இது போதும், ஒரு வருடத்துக்கு மெல்லும். எனக்கு வெட்கமாகவும் கோபமாகவும் இருந்தது. பனரைக் கழற்றக் கதிரையை இழுத்துப் போட்டு ஏறினேன்.

"விடு மச்சான்" என்றான் கில்பட். "செத்தது செத்ததுதானே. அது கிடக்கட்டும்."

பிறகு ஈல்திகோவைக் கையில் பிடித்துக் கூட்டிவந்து, செத்தவீட்டுக்காரர் இருக்கும் முன்பாயில் இருத்தினான். சுஜாந்தி அவளுக்குச் சோறு போட்டாள்.