யாடிராவின் ஆர்க்கிட்

ஆந்தீஸ் மலைக்காட்டில் விழுந்த மரத்திலிருந்து அந்த ஆர்க்கிட் செடியை எடுத்து வந்து, வீட்டுக் கொய்யாமரத்தில் கட்டி வைத்தவள் செகுந்தோவின் மகள் யாடிரா. அது பூப்பதற்குள் காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது.

ஏப்ரலில் ஒரே ஒரு ஊதாப் பூ, அரிசி அளவில் பூத்தது. பார்க்க வந்த தாவர ஆய்வாளர் மரியேலா, "இது உலகத்துக்கே புதுசு, அண்ணே. பூவைப் பறிச்சு, காயவச்சுப் பாடம் பண்ணினாத்தான் புது இனம்னு பதிவு பண்ண முடியும். உங்க பொண்ணு பேரையே வைக்கிறேன்" என்றாள்.

"பேரை வச்சுக்கிட்டு என்ன பண்ண? அவ வச்ச செடியில பூத்தது, அப்படியே இருக்கட்டும்" என்று அழுதாள் செகுந்தோவின் மனைவி லூஸ்.

இரண்டு நாள் கழித்து இதழோரம் சுருங்கியது. "எப்படியும் உதிரப்போகுது, லூஸ்" என்று சொல்லி, செகுந்தோவே அதை வெட்டிக் கொடுத்தார்.

மறு ஆண்டு மகளின் பெயரோடு அச்சாகி வந்த ஆய்விதழ்த் தாளை லூஸ் எழுத்துக்கூட்டிப் படித்தாள். செடி மறுபடி பூக்கவேயில்லை. செகுந்தோ இன்னமும் அதற்குத் தண்ணீர் தெளிக்கிறார்.