மலரைத் திறந்த பெட்டி

சனிக்கிழமை காலை ஏழு பத்து. திரையில் முதலில் கண்டது ஒரு மறுப்பு: இந்தக் கோப்பு புதிய பதிப்பில் உருவானது, திறக்க இயலாது.

கோப்பு எங்கள் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு மலர். மெல்பர்ன் நண்பர் தன்னிடமிருந்த புதிய பக்க வடிவமைப்பு மென்பொருளில் திருத்தி அனுப்பிவிட்டு, அதிகாலை விமானம் ஏறிவிட்டார். சிட்னியில், வென்ட்வேர்த்வில்லில் என் லினக்ஸ் கணினியில் இருந்தது பழைய பதிப்பு. நண்பகலுக்குள் அச்சகத்துக்குப் போகாவிட்டால் கலைவிழாவுக்கு மலர் இல்லை.

பக்கத்துக் கிரவீனிலிருந்து இன்னொரு நண்பர் உதவிக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அலுவலகத்தில் சர்வர்களைப் பார்ப்பவர். மென்பொருள் எதுவானாலும் நிறுவும் வேலையைப் பார்க்கும் சிஸ்டத்தின் சொந்தக் கருவியான பேக்கேஜ் மேனேஜர் வழியாகத்தான் வரவேண்டும் என்பது அவர் கொள்கை.

"புதுசு அதில இல்லைண்ணே. தனிப் பொட்டலமா வர்ற ஃபிளாட்பேக்ல போட்டுடலாம்" என்றேன்.

"விசர்க் கதை கதையாதேங்கோ. நான் முறையாப் போடுறன்."

வெளியார் நடத்தும் மென்பொருள் களஞ்சியமான ரெப்போ ஒன்றை அதில் சேர்த்தார். புதிய பதிப்பு, தான் இயங்கத் துணையாகப் புதிய லைப்ரரிகளைக் கேட்டது. அவற்றை ஏற்றினால் பிரிண்டர் மென்பொருள் உட்பட நான் அன்றாடம் பயன்படுத்தும் பலவும் நீக்கப்படும் என்று கணினி சொல்லி, தொடரலாமா என்று கேட்டது. அவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார்.

நான் ஃபிளாட்பேக்கை இறக்கினேன். அது தனக்கு வேண்டிய லைப்ரரிகளை ஒரே பெட்டிக்குள் கட்டிக்கொண்டு வரும். சிஸ்டத்தில் இருப்பதைத் தொடாது. இறங்கியதன் பெரிய அளவைப் பார்த்து அவர் சிரித்தார்.

"கலியாணத்துக்கு ஒராளைக் கூப்பிட்டா பஸ் பிடிச்செல்லோ வருகினம்!"

"வரட்டும்ணே. சாப்பாட்டையும் அவங்களே கட்டிக்கிட்டு வர்றாங்கல்ல."

மலர் திறந்தது. எழுத்துகள் சரி. ஆனால் பிள்ளைகளின் படங்கள் இருக்கவேண்டிய இடமெல்லாம் வெற்றுக் கட்டங்கள்.

"பாத்தீங்களோ, உங்கட பெட்டிக்குக் கண் தெரியேல்லை."

அவர் சொன்னது உண்மை. படங்கள் வெளி டிரைவில் இருந்தன. அனுமதி தராமல் பெட்டிக்குள் இருக்கும் மென்பொருளால் அங்கே எட்டிப் பார்க்க முடியாது. அமைப்புகளில் படங்கள் இருந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் அனுமதி கொடுத்து மறுபடி திறந்தேன். முதல் பக்கத்தில் பாலர் வகுப்பு, முன்பல் இல்லாத சிரிப்புகளோடு வந்து நின்றது. பக்கம் பக்கமாக எல்லாப் பிள்ளைகளும் வந்தார்கள். நான் மேசையைத் தட்டிய தட்டில் தேநீர் சிந்தியது.

"ஓம், ஓம், வெண்டிட்டீங்கள். முதல்ல அனுப்புங்கோ" என்றார்.

பதினொன்றரைக்கு அச்சகத்திலிருந்து பதில் வந்தது: கோப்பு சரியாக இருக்கிறது, அச்சுக்குப் போகிறது.

கிளம்பும் முன் நண்பர் தன் மடிக்கணினியைத் திறந்து, அதே ஃபிளாட்பேக்கை நிறுவினார்.